அட்டையில் வாள் இருந்தால் ஆட்டமும் வெட்டுக்குத்துதானா?

பெங்களூருத் தமிழ் ஆட்டக்காரர்கள் ஃபேண்டஸி ரோல்பிளே ஆட்டங்களின் (கற்பனை உலகில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுபவை) படங்களையும் சண்டையையும் பற்றிக் கேட்டவை.

அல்சூர்: அக்கா, பழைய டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) படங்களில் ஆட்கள் பதுங்குகிறார்கள், புதியவற்றில் பாய்கிறார்கள். ரசனை மட்டும்தான் மாறியதா?

இல்லை. படம் முந்திக்கொண்டது, விதி பின்னாலேயே வந்தது. அதன் 1978 விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டையைப் பாருங்கள், டேவிட் டிராம்பியர் வரைந்தது. சண்டை முடிந்துவிட்டது. பல்லிமனிதர்களின் சடலங்கள் கிடக்க, இரண்டு பேர் பெரிய சிலைமேல் ஏறிக் கண்ணிலுள்ள ரத்தினத்தை நெம்புகிறார்கள். அன்றைய விதியும் அதுதான்: வெளியே கொண்டுவந்த பொற்காசு ஒன்றுக்கு ஒரு எக்ஸ்பி (பாத்திரம் வளர உதவும் அனுபவப் புள்ளி), கொன்றதற்குக் கிடைப்பது சொற்பம். 1983-இல் வந்த அதே ஆட்டத்தின் தொடக்கப் பெட்டியான சிவப்புப் பெட்டியின் அட்டையில் ஓவியர் லாரி எல்மோர் வீரனையும் டிராகனையும் நேருக்கு நேர் மோதவிட்டார். பெட்டிக்குள் பொன்னுக்கான எக்ஸ்பி அப்படியே இருந்தது! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை விரும்பினால் வைத்துக்கொள்ளும் விதியாக்கியது; 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது போய், எதிரியின் வலிமைக்கு எக்ஸ்பி என்றானது. புதிதாக ஒரு ஆட்டம் வாங்கினால் அட்டையைப் பார்த்துவிட்டு நேராக எக்ஸ்பி பக்கத்துக்குப் போங்கள். இரண்டும் முரண்பட்டால் முதல் செஷனில் படம் ஜெயிக்கும், ஐந்தாவதில் விதி ஜெயிக்கும்.

கே.ஆர். புரம்: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். எதிரே எது வந்தாலும் எங்கள் ஆட்கள் வெட்டத்தான் போகிறார்கள். என்ன செய்யலாம்?

டி அண்ட் டியின் 1981 பேசிக் விதியிலிருந்து மொராலை, அதாவது எதிரியின் மனவுறுதிக் கணக்கை, கடன் வாங்குங்கள். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு எண் உண்டு, காப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7. அவர்கள் தரப்பில் முதல் ஆள் செத்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை, இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 7-ஐத் தாண்டினால் ஓடிவிடுவார்கள் அல்லது சரணடைவார்கள். 36-க்கு 15 வாய்ப்பு, கிட்டத்தட்ட 42 சதவீதம்.

பலர் கோட்டைவிடுவது ஒரு இடத்தில்: கொன்றால்தான் எக்ஸ்பி என்று விட்டுவைத்தால், ஓடுகிறவனையும் துரத்திப்போய் வெட்டுவார்கள். விரட்டியதற்கும் முழு எக்ஸ்பி என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்திராநகர்: கடையில் பிரிண்ட் எடுத்த மேப்பில் மினியேச்சர்கள் (பாத்திரங்களின் குட்டிப் பொம்மைகள்) ஒன்றன்மேல் ஒன்று முட்டுகின்றன.

‘ஃபிட் டு பேஜ்’ போட்டிருப்பார்கள். மேப்பின் கட்டம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். மினியேச்சரின் சாதாரண அடித்தட்டு 25 மில்லிமீட்டர், ஆகவே கொஞ்சம் சுருங்கினாலும் இடிக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’, 100 சதவீதம் என்று கேளுங்கள். முதல் தாளை ஸ்கேலால் அளந்த பிறகு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். ஏ3 தாளில் முழுக் கட்டங்கள் 16-க்கு 11 கொள்ளும். ஓரத்தில் பிரிண்டர் விடும் வெள்ளை இடத்துக்காக 15-க்கு 10 என்று வரைந்துகொள்ளுங்கள்.

ஜெயநகர்: நம்ம ஊர்ச் சாயலில் படம் வரைய எங்கே பார்ப்பது?

வீரக்கற்களைப் பாருங்கள், போரில் செத்த வீரனுக்கு நட்ட நடுகற்கள். பேகூர்க் கல் ஒன்று கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. பல கற்களில் மூன்று அடுக்கு: கீழே போர், நடுவில் வீரனைத் தூக்கிச்செல்லும் தேவமகளிர், உச்சியில் அவன் கடவுள் முன்னே. சண்டைக்கு ஒரு அடுக்குதான்!

அதோடு அந்தச் சண்டைக்குக் காரணமும் இருக்கும், பல சமயம் மாடு. பழந்தமிழ்ப் புறத்திணைகளில் வெட்சி மாட்டைக் கவரும், கரந்தை மீட்கும். அதையே ஆட்டத்தில் வையுங்கள்: 12 மாடு, நான்கு சுற்று, சுற்றுக்கு மூன்று மாடு மேப்பின் ஓரத்தைத் தாண்டும். கொன்ற கணக்கு வேண்டாம், மீட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் எக்ஸ்பி கொடுங்கள். படத்தில் வாளைவிட மாட்டைப் பெரிதாக வரையுங்கள்.