கொழுப்பு மாற்று முறையில் மார்பகச் சீரமைப்பு: காப்பீடு வருமா, எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மும்பை செம்பூரில் இருக்கிறோம். 2022-ல் புற்றுநோய் வந்து இடது மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும் ஓடுகிறது. மார்பகத்தைத் திரும்ப உருவாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன். சிலிக்கான் வைக்க மனம் ஒப்பவில்லை, வயிற்றில் பெரிய வெட்டும் வேண்டாம். அதனால் தொடையிலும் வயிற்றிலும் இருந்து கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்தும் முறையைப் பற்றி விசாரித்தேன். மூன்று தடவையாவது செய்ய வேண்டும், நடுவில் மூன்று நான்கு மாதம் இடைவெளி வேண்டும் என்கிறார் டாக்டர். ஒரு தடவைக்கு 1,60,000 ரூபாய். எஸ்டிமேட்டின் போட்டோவை இணைத்திருக்கிறேன். என் பெயரில் ஒன்பது வருடமாக 5 லட்ச ரூபாய் மெடிக்ளெய்ம் இருக்கிறது. கணவர் கம்பெனியில் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் குரூப் பாலிசி. அவர் அடுத்த வருடம் மே மாதம் ரிடையர் ஆகிறார். தீவிர நோய் பாலிசியில் அப்போது வந்த 10 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டு வைத்திருக்கிறோம். "இது அழகுக்காகச் செய்வது, ஒரு பைசா வராது" என்கிறார் ஏஜென்ட். "இந்த வயசுல இது எதுக்கு, பொண்ணு கல்யாணத்துக்கு ஆகுமே" என்கிறார் மாமியார். எஃப்.டி.யை உடைப்பதா, பர்சனல் லோன் போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் உங்கள் ஏஜென்ட் சொன்னதை ஓரமாக வையுங்கள். அது தவறு.

அழகுக்கான அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்பது எல்லா பாலிசியிலும் இருக்கும் விதிதான். ஆனால் அந்த விதியின் வாசகத்தை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியாக எழுதிக் கொடுத்திருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இந்த மூன்றுக்கும் பிறகு செய்யும் சீரமைப்புக்கு அதிலேயே விலக்கு உண்டு. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியில் 08 என்ற எண்ணுடன் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பாலிசி ஒன்பது வருடம் ஓடிவிட்டதால் காத்திருப்புக் காலம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. இப்போதைய விதிப்படி ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்கவும் முடியாது.

ஆக, சட்டம் உங்கள் பக்கம். சிக்கல் நீங்கள் அனுப்பிய அந்த எஸ்டிமேட் தாளில் இருக்கிறது.

முதல் வரியைப் பாருங்கள்: "லைப்போசக்‌ஷன் வித் ஃபேட் கிராஃப்டிங், காஸ்மெடிக் பேக்கேஜ்" என்று, அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுத்துச் செலுத்தும் அழகுச் சிகிச்சை என்று, அச்சாகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த தயார் பேக்கேஜைத் தட்டிக் கொடுத்திருப்பார்கள், டாக்டர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார். இந்தத் தாள் கேஷ்லெஸ் அனுமதிக்காக, இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் கிளெய்மைப் பார்க்கும் டி.பி.ஏ.வுக்குப் போனால், அங்கே இருப்பவர் "லைப்போசக்‌ஷன்", "காஸ்மெடிக்" இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் நிராகரித்துவிடுவார். நீங்கள் புற்றுநோயாளி என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை. இன்னொரு விஷயம், காஸ்மெடிக் என்று பில் போட்டால் ஜி.எஸ்.டி.யும் உங்கள் தலையில் விழும். சாதாரணமாக மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

எனவே டாக்டரிடம் போய் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். என்ன புற்றுநோய், எந்தத் தேதியில் மார்பகம் அகற்றப்பட்டது, இப்போது செய்யப்போவது அதன் தொடர்ச்சியான சீரமைப்பு, இது கட்டம் கட்டமாகத்தான் செய்ய முடியும், உத்தேசமாக இத்தனை கட்டம் என்று எழுதியிருக்க வேண்டும். மருத்துவ ரீதியாக அவசியம் என்ற வரியும் கையெழுத்தும் கட்டாயம். கட்டங்களை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை போகும்போது "ஏற்கெனவே சீரமைப்பு முடிந்துவிட்டதே, இது டச்-அப் தானே" என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வலது மார்பகத்திலும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் அதையும் இதே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பகுதிக்கு வாதாட வேண்டி வரலாம், எழுத்தில் இருந்தால்தான் வாதாட முடியும். கடிதத்துடன் 2022 டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், அப்போது கிளெய்ம் பாஸான கடிதம் மூன்றையும் வைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பி முன்கூட்டியே பதில் கேளுங்கள். போனில் "வந்துடும் மேடம்" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்து, அட்மிஷன். இது சிலருக்கு ஒரே நாளில் முடிந்து வீட்டுக்கு அனுப்பக்கூடிய சிகிச்சை. 24 மணி நேரத்துக்குள் முடிந்தாலும் மருத்துவமனையிலோ டே-கேர் சென்டரிலோ அட்மிட் ஆகி, மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் டே-கேர் என்ற கணக்கில் வரும். அதையே கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்து, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து, ஓ.பி. (அட்மிட் ஆகாத வெளிநோயாளி) பில் கொடுத்தால் வராது. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம்தானே என்று இப்படிச் செய்வது உண்டு. முன்பே கேட்டு வையுங்கள்.

இப்போது எத்தனை தடவை என்ற கேள்வி. மருத்துவம் என் வேலை இல்லை. ஆனாலும் உங்கள் பட்ஜெட்டே இந்த ஒரு எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. செலுத்திய கொழுப்பு முழுவதும் தங்காது. நட்ட நாற்றெல்லாம் பிடித்துவிடாதது போல, ஒரு பங்கை, சிலருக்குப் பாதி வரைகூட, அடுத்த சில மாதங்களில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். ரேடியேஷன் பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் பிடிப்பது இன்னும் கடினம். அதே சமயம் அந்தத் தோலை மெத்தென்று ஆக்குவதற்கும் இதே கொழுப்பைப் பயன்படுத்துகிறார்கள். முழு மார்பகத்தையும் கொழுப்பிலேயே உருவாக்குவது, சிறிய மார்பகம் உள்ளவர்களுக்குச் சுலபம். நீங்கள் முழுவதும் எடுத்தவர், ரேடியேஷனும் வாங்கியவர். "மூன்று தடவையாவது" என்று டாக்டர் சொன்னதில் இருக்கும் அந்த "ஆவது" உங்கள் மனத்தில் பதிந்திருக்கட்டும். அதிகபட்சம் எத்தனை ஆகலாம், தொடையில் அத்தனை தடவைக்குக் கொழுப்பு இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நான் நான்கு என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன்: 6,40,000 ரூபாய்.

சில பெண்களுக்குச் செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி கெட்டியாகி, எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ கைக்குத் தட்டுப்படும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் ஒருமுறை புற்றுநோய் வந்தவருக்குக் கட்டி தட்டுப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி டெஸ்ட் என்று ஓட வேண்டியிருக்கும். இதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

மற்ற முறைகளோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சிலிக்கான் இம்பிளான்ட் ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை, பின்னால் மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் பட்ட இடத்தில் அதைச் சுற்றித் தழும்பு இறுகிப்போகும் வாய்ப்பும் அதிகம். வயிற்றுத் தசையை, அல்லது தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக் குழாயோடு எடுத்து வைப்பது பல மணி நேர அறுவை. பில் பெரிது, ஆனால் முக்கியமான வேலை ஒரே அட்மிஷனில் முடியும். கேட்க விநோதமாக இருக்கலாம், காப்பீட்டில் கிளெய்ம் வாங்க அந்த ஒரே பெரிய பில்தான் சுலபம். நான்கு சின்ன பில்லுக்கு நான்கு தடவை அனுமதி, நான்கு தடவை கேள்வி. அதற்காக உடம்பில் வெட்டு வேண்டாம் என்ற உங்கள் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பரேல் டாட்டா மெமோரியல் மாதிரி புற்றுநோய்க்கென்றே இருக்கும் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜனிடம் இரண்டாவது கருத்து கேட்டால், முறையும் எண்ணிக்கையும் இரண்டும் தெளிவாகும். அந்த நாள் செலவு உங்கள் எஸ்டிமேட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பேக்கேஜில் "ஸ்டெம் செல் சேர்த்த கொழுப்பு" என்று தனி வரி வந்தால் உஷார். ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் காப்பீடு என்பது ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுக்குத்தான். இதற்கு வராது. கொழுப்பு எடுத்த இடத்தில் வாரக்கணக்கில் போட்டுக்கொள்ளும் இறுக்க உடை, கையுறை, பஞ்சு வகையறாவும் பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கும் பாலிசி என்றால் அதைத் தாண்டிய அறை எடுக்காதீர்கள். வாடகை வித்தியாசம் மட்டும் பிடிப்பார்கள் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டர் ஃபீஸ் முதற்கொண்டு அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

சரி, எந்தப் பாலிசியை எப்போது பயன்படுத்துவது? கணவரின் குரூப் பாலிசியை முதலில். அது அவருடைய கடைசி வேலை நாளோடு போய்விடும், உங்களுடையது கூடவே வரும். டாக்டர் சம்மதித்தால் முதல் இரண்டு கட்டத்தை, அதாவது 3,20,000 ரூபாயை, மே மாதத்துக்குள் குரூப்பில் முடியுங்கள். மூன்றாவதும் நான்காவதும் உங்கள் சொந்த பாலிசியில். ஒரு பாலிசி வருடத்துக்குள் இரண்டும் வந்தாலும் 5 லட்சத்துக்குள் அடங்கும். ஆனால் தேதிக்காக உடம்பை அவசரப்படுத்தக் கூடாது. மூன்று மாத இடைவெளி வேண்டும் என்றால் வேண்டும்தான். குரூப் பாலிசியில் 5 லட்சம் குடும்பத்துக்கே பொது என்பதால், இந்த வருடம் வேறு யாராவது கிளெய்ம் எடுத்திருக்கிறார்களா என்று எச்.ஆரிடம் மீதித் தொகையைக் கேட்டு வையுங்கள்.

10 லட்சத்தை உடைக்க வேண்டாம் என்றேன். முழுவதையும் உறைய வைக்கவும் வேண்டாம். அந்த எஃப்.டி. முதிரும்போது மூன்றாகப் பிரியுங்கள். 3 லட்சம் இந்தச் சீரமைப்புக்கு, எளிதில் எடுக்கக்கூடிய சிறு டெபாசிட்டுகளாக. காப்பீட்டில் பிடித்துக்கொள்ளும் தொகை, பரிசோதனை, ஒரு கிளெய்ம் இழுபறியானால் கட்ட வேண்டிய பணம் எல்லாம் இதிலிருந்து. 2 லட்சம் மாத்திரை, வருடாந்தர மேமோகிராம், பிரீமியத்துக்கு. கணவர் சம்பளம் நின்ற பிறகும் உங்கள் பிரீமியம் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, புற்றுநோய் வந்தவருக்குப் புது பாலிசி கிடைப்பது குதிரைக் கொம்பு. மிச்சம் 5 லட்சத்தை யார் கேட்டாலும் தொடாதீர்கள். நோய் திரும்பினால் அந்தத் தீவிர நோய் பாலிசி இன்னொரு தடவை பணம் தராது. முதிர்வதற்கு முன்பே பணம் தேவைப்பட்டால் அதே எஃப்.டி.யை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடனாக ஓவர்டிராஃப்ட் வாங்குங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம் போலத்தான் கூடுதலாக இருக்கும், எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. பர்சனல் லோனை ரிடையர் ஆகப்போகிற வீட்டில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

வருமான வரியில், குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரும் 80டிடிபி என்று ஒன்று உண்டே என்று யாராவது சொல்வார்கள். பழைய வரிமுறையில் மட்டும், உங்கள் வயதுக்கு 40,000 ரூபாய் வரை. அதிலும் காப்பீட்டில் வந்த தொகையைக் கழிக்க வேண்டும். கிளெய்ம் பாஸானால் உங்களுக்கு அதில் எதுவும் மிஞ்சாது.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியின் கீழ் என்று அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாள் பாருங்கள். பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். செம்பூர் பகுதி தாணேயில் இருக்கும் அலுவலகத்தின் கீழ் வரும். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். கடைசி மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், பெண்ணின் கல்யாணப் பணத்தில் கை வைக்கவில்லை என்று. அந்த 10 லட்சம் உங்கள் உடம்புக்கு வந்த நோய்க்காக வந்த பணம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன். வேண்டாம் என்று விட்டுவிட்டு உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, அது சில ஆயிரத்தில் முடியும். அதை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தால் சரி. செலவுக்குப் பயந்து தேர்ந்தெடுக்க உங்கள் கணக்கில் காரணம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: கணவருக்கென்று தனி பாலிசி இருப்பதாகக் கடிதத்தில் இல்லையே? மே மாதத்துக்குப் பிறகு அவருக்குக் காப்பீடே இருக்காது. குரூப் பாலிசியை அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். ஆனால் ரிடையர் ஆவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். மீதித் தொகை கேட்க எச்.ஆருக்கு எழுதும் அதே ஈமெயிலில் இதையும் கேட்டுவிடுங்கள்.