கேஸ் சென்சாரில் டின் ஆக்சைடோடு பல்லேடியத்தை ஏன் சேர்க்கிறார்கள்?

வெறும் டின் ஆக்சைடும் வாயுவை உணரும். ஆனால் மந்தமாக, அதிகச் சூட்டில்தான்.

நடப்பது இதுதான்: 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய டின் ஆக்சைடு படலத்தின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். சமையல் கேஸ் கசிந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும். எலக்ட்ரான்கள் படலத்துக்கே திரும்பிவர, மின்தடை சடாரென்று இறங்கும். அலாரம் அடிப்பது அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான்.

பல்லேடியம் என்ற உலோகம் இந்த வினைக்கு ஊக்கி, அது இருந்தால் குறைந்த சூட்டிலேயே வேகமாக நடக்கும். துளியளவு போதும், கூடப் போட்டால் துகள்கள் திரண்டு பலன் குறையும். 'டோப்பிங்' (படிகத்துக்குள் வேறொரு பொருளைத் துளியளவு புகுத்துவது) என்று சொன்னாலும் பெரும்பாலும் அது டின் ஆக்சைடு மணிகளின், அதாவது நுண்ணிய படிகத் துகள்களின், மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். ஆன்டிமனி என்ற தனிமம் அப்படியில்லை, படிகத்துக்குள்ளேயே புகுந்து அடிப்படை மின்தடையை இறக்கிவிடும்.

அப்புறம், மணிகள் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் உணர்திறன் எகிறும். நானோ அளவு மணிகளின் மேல் இவ்வளவு மோகம் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: எம்க்யூ-2 என்ற டின் ஆக்சைடு கேஸ் சென்சாரை வாங்கிச் சோதித்தால், சானிடைசர் தடவிய கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கத்தும். ஆல்கஹாலும் அதே ஆக்சிஜனைத்தான் தின்கிறது. பல்லேடியம் மட்டும் இதைத் தீர்க்காது.