பாட்டில் பெப்டைடும் முடிச்சு வலையும்

கேள்வி: ஒரு ஏக்கர் குளம், ஒரு மீட்டர் ஆழம். கெண்டை வளர்க்கிறேன். எடை பார்க்க வலை இழுத்த ஐந்தாம் நாள் வயிற்றோரத்திலும் துடுப்படியிலும் சிவப்புப் புண். தினமும் ஏழெட்டு மீன் மிதக்கிறது. மருந்துக் கடைக்காரர் "மீனின் எதிர்ப்புச் சக்தியே பெப்டைடுதான்" என்று 1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் தருகிறார். குளத்தில் ஊற்றுவதா, தீவனத்தில் கலப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். உங்கள் குளத்தில் நிற்பது சுமார் 40 லட்சம் லிட்டர். பாட்டிலில் இருப்பது 10 கிராம். ஊற்றினால் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். ஆய்வுக்கூடக் குழாயிலேயே பெரும்பாலான பெப்டைடுகளுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். தீவனத்தில் கலந்தால் இன்னும் வேடிக்கை: இவற்றில் லைசின், அர்ஜினைன் என்ற அமினோ அமிலங்கள் அதிகம், குடலின் செரிமான நொதியான டிரிப்சின் வெட்டுவதும் அதே இடங்களில்தான். மேற்பூச்சு இல்லாத பெப்டைடு விலை கூடிய புரதத் தீவனம், அவ்வளவுதான்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நேர்மின்னூட்டம் கொண்ட இந்தச் சிறு புரதங்கள், எதிர்மின்னூட்டமுள்ள பாக்டீரியாச் சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கின்றன. ஆனால் அவற்றைத் தயாரிப்பது மீனே. கெளுத்தியின் தோலில் காயம் பட்டதும், ஹிஸ்டோன் எச்2ஏ புரதத்தைக் கத்தெப்சின் டி என்ற நொதி வெட்டி, 19 அமினோ அமிலங்கள் கொண்ட பாராசின் என்ற பெப்டைடைத் தோலின் வழுவழுப்பில் விடுகிறது. வேறு சில மீன்களின் மாஸ்ட் செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்களில் பிசிடின் என்ற பெப்டைடு தயாராக இருக்கிறது. அந்த வழுவழுப்பை வழித்தெடுத்துவிட்டு பாட்டிலில் தேடினால் எப்படி?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வலையைப் பற்றி. ஐந்தாம் நாள் புண் என்றதுமே எனக்கு முடிச்சு வலைதான் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு முடிச்சும் செதிலைத் தூக்கும், வழுவழுப்பைச் சுரண்டும். குளத்தில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு அதுவே வாசல். முடிச்சில்லா வலைக்கு மாறுங்கள். முந்தைய நாள் தீவனம் நிறுத்துங்கள். விடியற்காலையில் இழுக்காதீர்கள், ஆக்சிஜன் அப்போதுதான் அடிமட்டம்; லிட்டருக்கு 5 மில்லிகிராம் வந்த பிறகே வலை. கைவலை, தொட்டி, கை எல்லாம் நனைந்திருக்கட்டும். துணியால் மீனைப் பிடிப்பதும் தரையில் கொட்டி எண்ணுவதும் கூடவே கூடாது. வாளியில் தண்ணீரோடு எடை போட்டு, வாளி எடையைக் கழியுங்கள். 30 மீன் போதும், 300 வேண்டாம். நெரிசலும் அடிக்கடி கலைப்பதும் தோலின் இந்தத் தற்காப்பையே குறைத்துவிடும். எதிர்ப்புச் சக்தி மருந்து விற்பவர் யாரும் இதைச் சொல்லமாட்டார்.

பிடித்த மீனை லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்புக் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்துக் குளத்தில் விடலாம். காற்றுக்கல் ஓடட்டும், புரண்டால் உடனே எடுங்கள். பர்மாங்கனேட்டைக் கண்ணளவில் கொட்ட வேண்டாம், மிஞ்சினால் அது செவுளையும் சுடும்.

இப்போதைய சாவுக்கு: தீவனத்தைப் பாதியாக்குங்கள், இரவில் ஏரேட்டர் ஓட்டுங்கள், மிதப்பவற்றை அன்றன்றே அகற்றிப் புதையுங்கள். புண்ணுள்ள மூன்று மீன்களை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொடுத்து, சிறுநீரகத்திலிருந்து பாக்டீரியா வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வருமுன் ஆன்டிபயாடிக் தொடாதீர்கள்.