ரோமில் ஒரு நாள்தான் இருக்கிறது; பரோக் (17ஆம் நூற்றாண்டின் ஆடம்பரமான கட்டடப் பாணி) தேவாலயங்களில் வித்தியாசமான எதைப் பார்க்கலாம்?

முதலில் கட்டடக் கலைஞர் போரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயம். நான்கு நீரூற்றுகள் உள்ள தெருமுனையில், கையகல இடத்தில் நிற்கிறது. உள்ளே சுவர்கள் அலைபோல உள்வாங்கிப் புடைக்கும். தலைக்கு மேல் நீள்வட்டக் குவிமாடம். அதிலுள்ள சிலுவை, அறுகோண, எண்கோணக் குழிவுகள் மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவதால், கூரை உண்மையைவிட உயரமாகத் தெரியும். பெரும்பாலும் வெறும் வெள்ளைச் சுதைதான். ரோமிலேயே எனக்கு மிகவும் பிடித்த கூரை இது. அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள்.

சில நிமிட நடையில், அவர் காலத்துக் கலைஞர் பெர்னினி கட்டிய சான்தாந்திரேயா தேவாலயம். அதுவும் நீள்வட்டம், ஆனால் குறுக்குவாட்டில். எங்கும் வண்ணப் பளிங்கு.

மாலையில் சாந்திஞ்ஞாசியோ தேவாலயம். அங்கே குவிமாடமே கிடையாது! குவிமாடமாகத் தெரிவது 1685இல் ஓவியர் போட்சோ துணியில் தீட்டிய ஓவியம். தரையில் குறித்த இடத்தில் நின்றால் நிஜம்போலத் தோன்றும், நகர்ந்தால் சாய்ந்துவிடும்.

பல தேவாலயங்கள் மதியம் மூடிவிடும். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள்.