சிபிஎஸ் கணக்கில் மாதங்கள் விடுபட்டிருக்கின்றன, ஓய்வு நெருங்குகிறது: என்ன செய்வது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். 2004-இல் தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே நிலையான தொகை) சேர்ந்து, 2006 ஜூனில் காலமுறை ஊதியத்துக்கு (வழக்கமான சம்பள விகிதம்) வந்தேன். இதுவரை மூன்று ஒன்றியங்கள் மாறியிருக்கிறேன். 2028-இல் ஓய்வு. என் சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) கணக்குச் சீட்டில் சில மாதங்கள் இல்லை. சங்கத்தில் கேட்டால், "பென்ஷன் வரப்போகுது, சிபிஎஸ் கணக்கை இனி யார் பார்க்கப் போறாங்க" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் டீச்சர். பென்ஷன் எந்த வடிவத்தில் வந்தாலும் உங்கள் கணக்கும் பணிப்பதிவேடும் சரியாக இருந்தால்தான் அது உங்கள் கைக்கு ஒழுங்காக வரும். சங்கம் திட்டத்துக்காகப் போராடும், அது அதன் வேலை. உங்கள் பெயரில் விடுபட்ட மாதத்தை நீங்கள்தான் தேட வேண்டும்.

முதலில், எங்கே நிற்கிறோம் என்று பார்ப்போம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 2003 ஆகஸ்ட் 6. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்த நிதித்துறை அரசாணை 259-இன் தேதியும் அதே ஆகஸ்ட் 6. அந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த எல்லோருக்கும் முன்தேதியிட்டுப் பொருந்தியது. சங்கங்கள் தலைதூக்க முடியாத வேளையில் வந்த ஆணை அது. உங்களைப் போலத் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் அதில் இரட்டை அடி வாங்கினார்கள் என்பது என் கருத்து. இரண்டு வருடம் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தார்கள், அப்புறம் பழைய ஓய்வூதியமும் இல்லை என்றானது.

சிபிஎஸ்ஸில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். அரசு அதற்கு ஈடாக ஒரு பங்கு போடும், வட்டியும் சேரும். ஓய்வின்போது அந்த மொத்தத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். மாத ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. இதை எதிர்த்து ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2017-இலும் 2019-இலும் நடத்திய வேலைநிறுத்தங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 2026 ஜனவரியில் மு.க.ஸ்டாலின் அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், அதற்கு அகவிலைப்படி, 25 லட்சம் ரூபாய் வரை பணிக்கொடை என்பவை அதன் சாரம். 10 சதவீதப் பிடித்தம் மட்டும் தொடரும். பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் பிடித்தமே கிடையாது. "பழைய பென்ஷனே வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

சரி, விடுபட்ட மாதங்களுக்கு வருவோம். அலுவலகங்களில் இதை மிஸ்ஸிங் கிரெடிட் என்பார்கள். சம்பளத்தில் பணம் பிடித்திருப்பார்கள், ஆனால் கணக்கில் ஏறியிருக்காது. மாறுதல் வந்த மாதம், நிலுவைத் தொகை தனிப் பட்டியலாகப் போட்ட மாதம், கணக்கு எண் கிடைப்பதற்கு முந்தைய மாதங்கள், இந்த இடங்களில்தான் பெரும்பாலும் விடுபடும். 2006-07 தொடங்கி ஒவ்வொரு ஆண்டுக் கணக்குச் சீட்டையும் பதிவிறக்கி, ஒரு நோட்டில் மாதவாரியாகக் கோடு போட்டு எழுதுங்கள். உங்கள் பங்கு ஒரு பத்தி, அரசுப் பங்கு இன்னொரு பத்தி. அண்மை ஆண்டுகளின் சம்பளச் சீட்டு, அரசின் 'களஞ்சியம்' இணையச் சேவையில் கிடைக்கும். பழைய ஆண்டுகளுக்கு அந்தந்த ஒன்றிய அலுவலகத்தின் சம்பளப் பட்டியல்தான் சான்று.

சிரமமான பகுதி இதுதான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் என்றாலும், சம்பளம் போடுவதும் பதிவேடு பேணுவதும் ஒன்றிய அளவிலேயே நடந்து வந்தன. மூன்று ஒன்றியம் மாறினால் மூன்று அலமாரிகளைத் தேட வேண்டும். உதவித் தொடக்கக் கல்வி அலுவலகமாக இருந்தது பின்னால் வட்டாரக் கல்வி அலுவலகமானது, அந்த மாற்றத்தில் பழைய கோப்புகள் இடம் பெயர்ந்திருக்கும். விடுபட்ட மாதத்தில் எந்த அலுவலகம் சம்பளம் போட்டதோ அங்கே எழுத்துமூலம் கேளுங்கள். அந்தப் பட்டியல் கருவூலத்தில் பணமான தேதி, வவுச்சர் எண், பிடித்தப் பட்டியலின் நகல் மூன்றும் வேண்டும். இவை கையில் வந்த பிறகு, இப்போதைய வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகக் கணக்கைச் சரிசெய்யக் கோரி அனுப்பலாம். "பணம் பிடித்தார்கள், கணக்கில் இல்லை" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது.

பணிப்பதிவேட்டையும் அதே மூச்சில் பாருங்கள். இறுதி ஊதியமும் தகுதியுள்ள பணிக்காலமும் அதிலிருந்துதான் எடுக்கப்படும். 2004 தொகுப்பூதிய நியமன ஆணை, 2006 காலமுறை ஊதிய ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை ஆகியவை பதிவாகியிருக்கின்றனவா? தொகுப்பூதியக் காலத்தையும் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. அது நிறைவேறும் நாளில் பதிவு இல்லாதவர்தான் அலைவார். வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர் என்றால், அந்த நாட்களைப் பணிக்காலமாக முறைப்படுத்துவதாக 2021-இல் அரசு அறிவித்ததையும் மறக்காதீர்கள். உங்கள் பதிவேட்டில் அது ஏறாமல் இருந்தால், அந்த நாட்கள் இடைவெளியாகவே நிற்கும்.

உங்களுக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று கொடுத்த வாரிசுதாரர் (நாமினி) பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். பணியில் சேர்ந்தபோது பெற்றோர் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுக்கு முந்தைய ஆறு மாதத்தில் இதையெல்லாம் தொடங்கினால் நேரம் போதாது, இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.