எண்ணெய்க் கரண்டியும் சோற்றுக் கரண்டியும்: எடை, சர்க்கரை பற்றிக் கேள்வி பதில்

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நான் உணவு ஆலோசகர், டாக்டர் இல்லை. மாத்திரை அளவு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இங்கே படித்ததை வைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். இதை நடுநடுவே திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): காபிக்கு வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை போடுகிறேன். நல்லதுதானே மேடம்?

இரண்டும் கிராமுக்குக் கிட்டத்தட்ட 4 கலோரி. ரத்தத்துக்குள் போனபின் எது கரும்பு ஆலையில் வெளுத்தது, எது வெளுக்காதது என்று உடம்பு விசாரிப்பதில்லை. நாட்டுச் சர்க்கரையில் தாது உப்பு கொஞ்சம் கூட இருக்கிறது, சரி. ஆனால் ஒரு ஸ்பூனில் வருவது அற்பம். "இது நல்ல சர்க்கரை" என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் ஆவதுதான் நான் வழக்கமாகப் பார்ப்பது. கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி (மதுரை): எங்கள் வீட்டில் வடை, பஜ்ஜி எதுவும் போடுவதில்லை. செக்கு எண்ணெய்தான் வாங்குகிறோம். இருந்தும் எனக்கும் அவருக்கும் எடை ஏறுகிறது. எண்ணெய் எவ்வளவு ஊற்றலாம்?

நல்ல கேள்வி, நிதானமாகச் சொல்கிறேன். பலகாரம் சுடாத வீட்டில்தான் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. காலையில் தோசையைச் சுற்றி ஊற்றுவது, இட்லிப் பொடிக்குக் குழைப்பது, சட்னிக்குத் தாளிப்பது, மதியம் குழம்பு "எண்ணெய் பிரிந்து வரட்டும்" என்று ஊற்றுவது, கத்திரிக்காய் வதக்குவது, இரவு மறுபடி தோசை. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் அதேதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் கலோரியில் வித்தியாசம் கிடையாது. கொழுப்பின் வகையில் உண்டு: தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அதனால் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் அதைத் தாளிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒட்டிப் பார்த்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கணக்கில் சொன்னால் நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 5 லிட்டர் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கடையில் வாங்கித் தின்னும் பரோட்டாவும் மிக்சரும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

செய்யும் விதம்: ஊற்றுகிற தூக்கை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒரு டீஸ்பூனை எண்ணெய்க் கிண்ணத்திலேயே போட்டு வையுங்கள். பீன்ஸ், கோஸ், அவரை போன்றவற்றுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி வைத்து வேக விடுங்கள். வெண்டைக்காய் மட்டும் மூடாமல் வதக்க வேண்டும், உப்பைக் கடைசியில் போட வேண்டும். இல்லையென்றால் வழவழத்துவிடும், அந்த வழவழப்பை மறைக்கத்தான் நாம் இன்னொரு கரண்டி எண்ணெய் ஊற்றுகிறோம். தோசைக்கு நன்றாகப் பழகிய இரும்புக் கல்லும், பாதியாக வெட்டிய வெங்காயமும் போதும். வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துவிட்டு ஊற்றினால், சுற்றி எண்ணெய் விடாமலே தோசை கிளம்பி வரும்.

கேள்வி (திருப்பூர்): தேன் சாப்பிடலாமா?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கோவில்பட்டி): அரிசிதான் எல்லா நோய்க்கும் காரணம். எங்கள் தாத்தா கம்பங்கூழும் சோளச்சோறும் சாப்பிட்டுத் 90 வயது இருந்தார், சர்க்கரை என்றால் என்னவென்றே தெரியாது. எல்லோரும் சிறுதானியத்துக்கு மாறச் சொல்லுங்கள்.

கம்பை நான் குறை சொல்லவே மாட்டேன் ஐயா. 100 கிராம் கம்பில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. இரும்புச்சத்து அரிசியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் கலோரி? இரண்டும் 350 பக்கம்தான். தட்டு நிறைய அரிசிச் சோறு தின்றவர் தட்டு நிறையக் கம்பஞ்சோறு தின்றால் எடை எப்படிக் குறையும்? தாத்தா சாப்பிட்டதை மட்டும் சொல்கிறீர்கள். கரிசலில் ஏர் பிடித்ததையும், கிணற்றில் கமலை இறைத்ததையும் விட்டுவிட்டீர்கள்.

கோவில்பட்டி மறுபடி: உழைப்பு மட்டும் காரணமில்லை. அன்றைக்கு அந்த நோயே கிடையாது.

இருந்தது. சித்த மருத்துவத்தில் மதுமேகம் என்று சொல்லி மருந்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் கிராமத்தில் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்? இன்றைக்கு நோய் பெருகியிருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023இல் சொன்னது. அரிசி மட்டும் அதைச் செய்யவில்லை என்றுதான் சொல்கிறேன்.

தஞ்சாவூர் நடுவில்: நெல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டோம். நாங்கள் சோற்றை விட்டுவிட வேண்டுமா? ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, சாமை வாங்கிக் கட்டுப்படியாகுமா?

விட வேண்டாம். 2011இலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் தருகிறார்கள். அதை வாங்கிச் சாப்பிடும் குடும்பத்திடம் போய்ச் சாமை வாங்கு, வரகு வாங்கு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. புழுங்கல் அரிசியாகவே சாப்பிடுங்கள், பச்சரிசியைவிட அது மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும், பி1 சத்தும் அதில் தங்கியிருக்கும். 200 மில்லி டம்ளரால் அளந்து ஒரு டம்ளர் சோறு போட்டுக்கொள்ளுங்கள், சுமார் 200 கலோரி. அதே அளவு காய், ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைத் தொட்டால் சாப்பிட்டபின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. செலவில்லாத வழி.

கோவில்பட்டி: நீங்கள் அரிசி ஆலைக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள்.

ஆலைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், குதிரைவாலியையும் சாமையையும் பளபளவென்று தீட்டி வெள்ளையாக்கி விற்பதும் அவர்கள்தான். தவிடு போனபின் சிறுதானியம் என்ற பெயர்தான் மிச்சம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபின் சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் எல்லாம் வந்துவிட்டன. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் சேர்மானத்தில் முதலில் மைதா இருக்கும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தாலும் சர்க்கரை சரசரவென்று ஏறும். உங்கள் ஊர்ப்பக்கம் கம்பை உரலில் இடித்துக் குருணையோடு சோறாக்குவார்களே, அந்த மாதிரி அளவோடு சாப்பிடுங்கள், கூட ஒரு கீரை. அதைத்தான் நானும் சொல்கிறேன். நமக்குள் சண்டையே இல்லை. தைராய்டு குறைவு உள்ளவர்கள் மட்டும் தினமும் கம்பு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு கம்பை விடுவோம். வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

கேள்வி (ஈரோடு): சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் விரதம் தொடங்கலாமா அக்கா?

டாக்டரைக் கேட்காமல் கூடாது, கூடவே கூடாது. அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் அது ஆபத்து. முன்னுரையில் சொன்னதுதான் தம்பி.

கேள்வி (நாகர்கோவில்): பிரஷருக்கு 'லோ சோடியம்' உப்பு வாங்கினேன். அப்பாவுக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடுதல். அவருக்கும் அதையே போடலாமா?

போடாதீர்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். அப்பாவின் சாப்பாட்டைச் சிறுநீரக டாக்டரும் அங்குள்ள உணவு ஆலோசகரும் முடிவு செய்யட்டும். நட்சத்திரப் பழச்சாறு நல்லது என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். மற்றவர்களுக்குச் சாதா உப்பே போதும், ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நாலும் ஒரே தட்டில் இருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி (கரூர்): கருப்பட்டிக் காபி?

சேலம்.

கேள்வி (திருச்சி): சோற்றைக் குக்கரில் வைக்காமல் வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் சர்க்கரை போய்விடுமா?

கொஞ்சம் மாவுச்சத்து போகும், கூடவே பி வைட்டமினும் போகும். மீதி மாவுச்சத்து சோற்றிலேயே இருக்கிறது. வடித்த சோறு என்று சொல்லி இரண்டு மடங்கு சாப்பிட்டால் லாபம் ஏது?

கேள்வி (சென்னை): 165 செ.மீ. உயரம், 66 கிலோ. பார்க்க ஒல்லிதான், இடுப்பு 37 அங்குலம். சர்க்கரை எல்லைக்கோட்டில் என்கிறார்கள். எடை குறையவில்லையே என்று மனசு விட்டுவிட்டது.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 24க்குச் சற்று மேல். நம்மவர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை என்றுதான் கணக்கு. ஆணாக இருந்தால் இடுப்பு 90 செ.மீ., பெண்ணாக இருந்தால் 80, அதற்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 94. ஆனால் மனசு விட வேண்டாம். உங்கள் ஊரிலேயே, சென்னையில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து டாக்டர் ராமச்சந்திரன் குழு ஒரு ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதிலும் எடை பெரிதாக இறங்காமலேயே அந்தப் பலன் கிடைத்தது. தராசைத் தினமும் பார்க்காதீர்கள். இடுப்பை மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போது பார்ப்பது என்று டாக்டரைக் கேளுங்கள், சாப்பிட்டபின் பத்து நிமிடம் மொட்டை மாடியிலாவது நடங்கள்.

கேள்வி (வேலூர்): பையனுக்கு 9 வயது, 48 கிலோ. டயட் சார்ட் வேண்டும்.

குழந்தைகளுக்குச் சார்ட் எழுதி அனுப்புவதில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வீட்டில் குளிர்பானமும் சிப்ஸும் வாங்குவதை நிறுத்துங்கள், பெரியவர்களும்தான்.

கேள்வி (காரைக்குடி): ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பந்தியில் என்ன செய்வது? மாத்திரை எதுவும் போடவில்லை.

முதல் நாளே பட்டினி கிடந்துவிட்டுப் போகாதீர்கள், அங்கே இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். இலையில் கூட்டு, பொரியல், மண்டி, பச்சடி எல்லாம் விழட்டும், அவற்றை முதலில் முடியுங்கள். சாம்பார், ரசம், மோர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தடவைதான் சோறு, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இனிப்பில் ஒன்று. பாயசம் என்றால் பாயசம், கவுனி அரிசி என்றால் கவுனி அரிசி. மறுசோறு கொண்டு வருகிறவர் கேட்க மாட்டார், கொட்டிவிட்டுத்தான் நகர்வார், கையை இலைக்குக் குறுக்கே வையுங்கள்.