பயிற்சிச் சுமை என்றால் என்ன, பிள்ளைகளுக்கு அதை எப்படி அளப்பது?

கால்பந்தோ கபடியோ ஆடும் பிள்ளையின் உடம்பு ஒரு பயிற்சியில் எவ்வளவு பாடுபட்டது என்பதுதான் பயிற்சிச் சுமை. அளக்கக் கருவி எதுவும் வேண்டாம்: பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, 0 முதல் 10க்குள் சொல்லு" என்று கேட்டு, அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்கினால் போதும், 60 நிமிடத்துக்கு 6 என்றால் 360. உடனே கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் பதிலாக வரும்.

ஏன் ஆளாளுக்குக் கேட்க வேண்டும்? ஒரே குடம் தண்ணீர் அக்கா இடுப்பில் லேசு, தம்பி இடுப்பில் பாரம். 13 வயதில் ஒருவன் மளமளவென்று வளர்ந்திருப்பான், பக்கத்தில் நிற்பவன் இன்னும் சின்னப் பையனாகவே இருப்பான். அப்புறம், பள்ளி அணி, கிளப், தெரு ஆட்டம் எல்லாவற்றையும் கூட்டணும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எண் கூடக்கூட நல்ல பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள், இது பரீட்சை மார்க் கிடையாது.